ரெண்டாவது கியர்ல இறங்கு: எங்கள் கெந்திங் நாள்கள்

கெந்திங் மலை உல்லாசத் தலத்துக்கு ஏறும் மேடு தொடங்குவதற்கு முன்பே அப்பா வேனை ஓரங்கட்டிவிட்டார். எஞ்சின் மூடியைத் தூக்கி, ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். டயர் நாலையும் காலால் உதைத்துப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பதினொரு பேரும், "போலாம் மாமா, போலாம் சித்தப்பா" என்று கத்திக்கொண்டிருந்தோம். அவர் காதில் வாங்கவே இல்லை. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பழக்குலை ஏற்றிக்கொண்டு மில்லுக்கு லோரி ஓட்டியவர். மேட்டில் வண்டியை ஏற்றுமுன் என்ன பார்க்க வேண்டும் என்பதில் அவரை யாரும் அவசரப்படுத்த முடியாது.

1998 டிசம்பர். பள்ளி விடுமுறை. எனக்குப் பத்து வயது, தங்கச்சிக்கு ஆறு. அம்மா சீட்டுப்போல மாதாமாதம் போட்டிருந்த கூட்டுப்பணம் அந்த மாதம்தான் கைக்கு வந்தது. மாமா வேனை வாடகைக்கு எடுத்தார், பெட்ரோலும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். கோலாலம்பூரைத் தாண்டி, காராக் நெடுஞ்சாலையில் ஏறி, கெந்திங் செம்பாவில் மலைச்சாலைக்குத் திரும்பும்போது நன்றாக விடிந்துவிட்டது.

அந்தச் சாலையின் கதையை அப்பா அன்றைக்குத்தான் சொன்னார். லிம் கோ தோங் என்ற சீனக் குத்தகைக்காரர் கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு குளிர்ந்த இடம் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாராம். 1965-இல் காட்டை வெட்டிச் சாலை போட ஆரம்பித்தவர்கள் உச்சிக்குப் போய்ச் சேர நாலு வருடம் ஆனது. 1969-இல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் மேலே வந்து அடிக்கல் நாட்டினார். 1971-இல் முதல் ஹோட்டல் திறந்தது. "மொதல்ல ரோடு. அப்புறந்தான் மத்த எல்லாம்" என்றார் அப்பா. கெந்திங்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றைக்கும் அவர் அந்தச் சாலையைத்தான் பேசுவார். சூதாட்ட விடுதி, ராட்டினம், பல நிற ஹோட்டல் எதுவும் அவருக்குப் பெரிதில்லை. பன்றியும் பாம்பும் இருந்த காட்டில், அந்தச் சரிவில், எந்த இயந்திரத்தை எங்கே நிறுத்தி வெட்டியிருப்பார்கள் என்பதுதான் அவருடைய வியப்பு.

மேலே வேன் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. ஆறாயிரம் அடி உயரம் என்றால் என்னவென்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? குளிர்சட்டை எங்கள் யாரிடமும் இல்லை. அம்மா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். வீட்டில் இருந்த குளியல் துண்டுகளை எல்லாம் துவைத்து மடித்து எடுத்து வந்திருந்தார். ஆளுக்கு ஒன்று தோளில். தங்கச்சிக்குச் சிவப்புத் துண்டு, கழுத்தில் முடிச்சுப் போட்டு. அந்தத் துண்டில் வீட்டுச் சவர்க்கார வாசம் இருந்தது. சுற்றிலும் குளிர்சட்டையும் தொப்பியும் போட்ட குடும்பங்கள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அப்போது கூச்சம். இப்போது என் பிள்ளைகளுக்கு அலமாரியில் குளிர்சட்டைகள் தொங்குகின்றன, ஆனாலும் கெந்திங் போகும் பையில் ஒரு துண்டு தனியாக வைக்காமல் நான் கிளம்புவதில்லை. அதற்குப் பயனும் உண்டு. மலையில் மழையும் பனியும் சொல்லாமல் வரும், இருக்கை எல்லாம் ஈரமாக இருக்கும், நனைந்த தலையோடு கேபிள் காரில் ஏறினால் பிள்ளை நடுங்கிப்போகும்.

இன்று போகிறவர்கள் பார்ப்பது வேறு பூங்கா. நாங்கள் போன காலத்துத் திறந்தவெளிப் பூங்காவின் நடுவில் ஓர் ஏரி, ஏரியில் படகு. ஏரியைச் சுற்றி ராட்டினங்கள். தலைகீழாய் முறுக்கிச் சுழற்றும் கார்க்ஸ்க்ரூ, தண்ணீரில் சறுக்கி விழும் படகு, டைனோசர் பொம்மைகள் நிற்கும் ஒரு மூலை. இவை எல்லாவற்றுக்கும் மேலே, உயரத் தண்டவாளத்தில், அவசரமே இல்லாமல் ஒரு மோனோரயில் போய்க்கொண்டிருக்கும்.

கார்க்ஸ்க்ரூவில் மாமாவோடு ஏறினேன். உச்சியில் ஒரு கணம் பெட்டி நின்றதுபோல் இருந்தது. கீழே பகாங் பக்கத்து மலைகள் மடிப்பு மடிப்பாய், மடிப்புக்குள் வெள்ளையாய் மேகம். மேகத்தை மேலிருந்து பார்த்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கெந்திங்கின் சீனப் பெயருக்கு 'மேக உச்சி' என்று பொருள் என்று பிறகு ஒரு சீன நண்பன் சொன்னபோது, எனக்கு அந்தக் கணம்தான் நினைவுக்கு வந்தது. அடுத்த நொடி எல்லாம் தலைகீழ். இறங்கிப் பார்த்தால் மாமாவின் ஒரு கால் செருப்பைக் காணோம். அங்கே வேலை செய்த பையன் வேலிக்கு அந்தப் பக்கம் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். மீதி நாள் முழுக்க அந்த ஈரத் தரையில் மாமா ஒரு காலுக்குப் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் வார் வைக்காத செருப்போடு கெந்திங் போனதில்லை. பிடிப்பான சப்பாத்து வேண்டும். கண்ணாடி, கைப்பேசி, சட்டைப்பைச் சில்லறை, எல்லாவற்றையும் ஏறுமுன் கீழே நிற்கும் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்காகவே ஒருவர் கீழே நிற்க வேண்டும். எங்களுக்கு அது எப்போதும் அப்பா.

அம்மா எதிலும் ஏறமாட்டேன் என்றுவிட்டார். "தலை சுத்தும்யா, நீங்க போங்க." மோனோரயிலில் மட்டும் ஏறினார். முதல் சுற்று முடிந்ததும் இறங்கவில்லை. மறுபடி வரிசையில் நின்று இன்னொரு சுற்று. பிறகு இன்னொன்று. கார்க்ஸ்க்ரூ வரிசை நீளுகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் கொதிப்பு. அம்மாவோ முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு, "அந்தா, அப்பா நிக்கிறாரு பாரு", "அந்தா, தண்ணியில வுழுவுறாங்க பாரு" என்று எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். காலை நாலு மணியிலிருந்து இரவு பத்து வரை நின்றபடியே வேலை செய்யும் பெண். உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு உலகம் நகர்வதைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு எப்போது கிடைத்திருக்கிறது? இது எனக்குப் புரியவே ரொம்ப வருடம் ஆனது. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: மெதுவாக ஓடும் ஒன்றை அவர்களுக்காகத் தேடி வையுங்கள். கேபிள் கார் ஆகட்டும், படகு ஆகட்டும். அதற்கு நேரம் ஒதுக்குங்கள். அது முடிந்த பிறகு உங்கள் ராட்டினத்துக்கு ஓடுங்கள்.

மதியம் ஏரிக்கரை பெஞ்சில் சாப்பாடு. சார்டின் சம்பல் வைத்த ரொட்டி, வாழையிலைப் பொட்டலத்தில் நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோறு, ஒரு வாளி நிறைய வறுத்த மீஹூன் (அரிசி நூடுல்ஸ்). குளிரில் எல்லாம் விறைத்துப்போய் இருந்தது. தெர்மாஸில் இருந்த காப்பி மட்டும் சுடச்சுட.

நாலு மணி இருக்கும், பனி இறங்கியது. கெந்திங் பனியைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லி விளங்க வைப்பது கடினம். தூரத்தில் தெரியும் மூட்டம் அல்ல அது. ஏரியின் அக்கரை போனது, படகுகள் போயின, எதிரே நின்ற மாமாவின் கால் போனது. பத்தடிக்கு அப்பால் வெள்ளை. ராட்டினங்கள் ஒவ்வொன்றாய் நின்றன. அந்த நேரத்தில்தான் அம்மா கேட்டார், "பாப்பா எங்க?"

இப்போதும் அந்தக் குரலை நினைத்தால் வயிறு கலங்குகிறது. எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓட எழுந்தோம். அப்பா ஒரு சத்தம் போட்டார்: "யாரும் நகரக் கூடாது." பெஞ்சின் மேல் ஏறி நின்றார். இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தார். பிறகு, "ஹேய்ய்ய்... பா... பா... பாஆ..." என்று நீளமாய் இழுத்தார்.

அது மாட்டைக் கூப்பிடும் குரல். லயத்து வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு பசுக்கள் இருந்தன. பகலெல்லாம் செம்பனை மரங்களுக்கு அடியில் மேயும். பொழுது சாயும்போது அப்பா படியில் நின்று இந்தக் குரலைக் கொடுப்பார். மாடுகள் வரும். மாடுகளோடு, எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும், நாங்களும் வருவோம். தங்கச்சிக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து, வீட்டுக்குப் போகும் நேரம் என்றால் அந்தக் குரல்தான்.

மூன்றாவது முறை கூப்பிட்டபோது வெள்ளைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு வந்தது. துண்டின் முனையைக் கடித்துக்கொண்டு, சாதாரணமாய் நடந்து வந்தாள். பின்னால் பூங்காவில் வேலை செய்த ஒரு மலாய்க்காரப் பெண், அவள் கையைப் பிடித்தபடி. தனியாக நின்றவளை அலுவலகத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று பிடித்தாராம். பிள்ளை திடீரென்று திரும்பி அவரையே இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் நடந்ததாம். அம்மா அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மலாய் மொழியில் நன்றி சொல்லத் தொடங்கித் தமிழில் முடித்தார்.

பனியுள்ள மலைக்குப் பிள்ளைகளோடு போனால் "கோபுரத்துக்குக் கீழே சந்திப்போம்", "பெரிய பொம்மைக்குப் பக்கத்தில் நில்" என்பதெல்லாம் போதாது. கோபுரமே தெரியாது. காதுக்குக் கேட்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். தண்ணீர் விழும் இடம், இடைவிடாமல் பாட்டு போடும் கடை, ஏதாவது ஒன்று. காணாமல்போனால் ஒரு பெரியவர் அசையாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். தேடுகிறவர் இன்னொருவர். எல்லாரும் தேடப் போய்விட்டால், திரும்பி வரும் பிள்ளைக்கு அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகு கல்லூரிக் காலத்தில் கோலாலம்பூர் புடுராயா பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி நண்பர்களோடு பல தடவை போனேன். மழைக்கு ஒதுங்கி உள்ளரங்குப் பூங்காவில் சுற்றியது, ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் அறைச் சாவி வாங்க மணிக்கணக்காய் நின்றது, இவ்வளவுதான் நினைவில் இருக்கிறது. 2006-இல் 6,118 அறைகளோடு உலகின் மிகப் பெரிய ஹோட்டல் என்று கின்னஸ் அதைப் பதிவு செய்தது. பிறகு 7,351 அறைகளாக வளர்ந்து அந்தச் சாதனையை மீண்டும் பிடித்தது. அத்தனை அறைக்கும் விடுமுறை நாளில் ஆள் வந்தால் கீழே வரிசை எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, தீபாவளி வாரம், நீண்ட வார இறுதி, இந்த நாள்களைத் தவிர்த்து செவ்வாய் புதனில் போனால் இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் முடிக்கலாம். காலையிலேயே மேலே இருக்க வேண்டும். வெளியில் இருப்பதை மதியத்துக்குள் பார்த்துவிட்டு, மழையும் பனியும் வரும் பிற்பகலை உள்ளரங்குக்கு வைத்துக்கொள்வது நல்லது.

2013 செப்டம்பர் தொடக்கத்தோடு பழைய பூங்காவை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. நான் வேலைக்குப் போய்ச் சொந்தக் கார் வாங்கியிருந்த நேரம். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் அம்மா, அப்பா, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அதற்குச் சில நாள்கள் முன்னால், ஆகஸ்ட் 21 அன்று, மலையிலிருந்து இறங்கிய ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்திருந்தார்கள். அந்த வளைவு நெருங்கியபோது காரில் யாரும் பேசவில்லை. அப்பா வெளியே பார்த்துக் கும்பிட்டார். அம்மா நாங்கள் கேட்காமலேயே திருநீற்றை எடுத்து எல்லார் நெற்றியிலும் வைத்தார்.

அம்மாவுக்கு அப்போது முட்டிவலி. மோனோரயில் படியில் ஒவ்வொன்றாக ஏற்றினோம். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றிருப்போம். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள் எங்களைப்போல நிறையப் பேர். ஏறி உட்கார்ந்ததும் என் கைப்பேசியில் படம் பிடிக்க ஆரம்பித்தேன். இரண்டு நிமிடப் படம். முழுக்க ஜன்னலுக்கு வெளியேதான் பிடித்திருக்கிறேன்: கார்க்ஸ்க்ரூ, ஏரி, டைனோசர். அம்மாவின் முகம் ஒரு நொடிகூட இல்லை. குரல் மட்டும் இருக்கிறது. "அந்தா பாரு, நாம சோறு தின்ன பெஞ்சு. பாப்பா, ஒன்னய தொலைச்ச எடம்."

2019-இல் அம்மா போய்விட்டார். அந்த இரண்டு நிமிடத்தைத் தங்கச்சி தன் கைப்பேசியிலும் என் கைப்பேசியிலும் கணினியிலும் மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறாள். இப்போது எங்கே போனாலும் நான் ராட்டினத்தைப் படம் பிடிப்பதில்லை. ராட்டினம் எல்லாருடைய படத்திலும் இருக்கிறது. ராட்டினத்தைப் பார்க்கும் முகத்தைப் பிடிக்கிறேன், பேச்சோடு சேர்த்து.

பழையதை மூடிய இடத்தில் புதிய பூங்கா வர எட்டரை ஆண்டுக்குப் பக்கம் ஆகிவிட்டது. நடுவில் வழக்கு, பிறகு கொரோனா. ஒருவழியாக 2022 பிப்ரவரியில் கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் திறந்தது. 26 ஏக்கரில் ஒன்பது 'உலகங்கள்'. மறு வருடம் மே மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, என் இரண்டு பிள்ளைகளையும் அப்பாவையும் கூட்டிப்போனேன்.

அவானா நிலையத்திலிருந்து கேபிள் காரில் ஏறினோம். 2016-இல் வந்த புதிய பாதை. நடுவில் சின் சுவீ கோயிலில் நிற்கும், இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். பலர் இறங்காமலே மேலே போய்விடுகிறார்கள். இறங்குங்கள். மலைச்சரிவில் ஒன்பது அடுக்கு பகோடாவும் பெரிய புத்தர் சிலையும் மேகத்துக்குள் நிற்கும் காட்சிக்காக மட்டுமே ஒரு மணி நேரம் கொடுக்கலாம். அந்தக் கோயிலைக் கட்டியவரும் லிம் கோ தோங்தான். அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே போகும் சாலையை வளைவு வளைவாய்ப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புதிய பூங்கா நன்றாகவே இருக்கிறது. பழைய ஆள்களில் சிலர் அதைக் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன். என் மகன் ஒவ்வொரு உலகமாய் ஓடி ஓடிப் பார்த்தபோது, அவன் முகத்தில் இருந்தது 1998-இல் என் முகத்தில் இருந்ததேதான். சில வேலைகள் மாறிவிட்டன. நாங்கள் போனபோது வரிசைக்கு இடம் பிடிப்பது கைப்பேசி ஆப்பில் நடந்தது, ஆகவே மின்கலம் நிறைந்திருக்க வேண்டும், கையில் பவர் பேங்க் வேண்டும். எந்த ராட்டினம் பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே அளந்து, எதில் ஏறலாம், எதில் முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாசலில் அளவுகோலுக்குக் கீழே நின்று அழுத பிள்ளைகளை அன்றைக்கு மட்டும் நாலைந்து பேர் பார்த்தேன்.

நுழைவாயிலில் அப்பா பேரப்பிள்ளைகள் இருவரையும் நிறுத்தினார். "தொலஞ்சி போனா என்ன செய்வீங்க?" மகள் கைப்பேசியைக் காட்டினாள். "அது செத்துப் போச்சுன்னா?" இருவரும் விழித்தார்கள். எழுபத்தொரு வயது மனிதர் கையைக் குவித்து அந்தக் குரலைக் கொடுத்தார். டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாட்டையே பார்க்காமல் அடுக்குமாடியில் வளரும் பிள்ளைகள் இரண்டும் அதைத் திருப்பிச் சொல்லிப் பழகின. அன்று பனி இறங்கவில்லை. அந்தக் குரலுக்கு வேலை வரவில்லை. ஆனாலும் நாள் முழுக்க இருவரும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

பழைய ஏரி எங்கே இருந்தது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா ஓர் இடத்தில் நின்று, சுற்றிலும் பார்த்து, ஹோட்டல் கோபுரத்தை வைத்து ஏதோ கணக்குப் போட்டு, "இங்கதான்" என்றார். பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. வேறு பெஞ்சு. அதில் உட்கார்ந்து, தங்கச்சி கட்டிக்கொடுத்த சார்டின் ரொட்டியைச் சாப்பிட்டோம்.

கேபிள் காரில் அவானாவுக்கு வந்து காரை எடுத்தபோது மணி ஏழு. பிள்ளைகள் பின்னால் தூங்கிவிட்டார்கள். முதல் இரண்டு வளைவு தாண்டியதும் ஜன்னல் வழியாக அந்த வாசம் வந்தது, முன்னால் போன கார்களின் பிரேக் கருகும் வாசம். ஒருவர் காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு, புகை வரும் சக்கரத்தில் போத்தல் தண்ணீரை ஊற்றப் போனார். அப்பா ஜன்னலை இறக்கி, "ஜாங்கான் சீராம்! ஊற்றாதே, தானா ஆறட்டும்" என்று இரண்டு மொழியிலும் சொன்னார். சூடான இரும்பில் பச்சைத்தண்ணி பட்டால் வெடிப்பு விடும். அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிடுவதுதான் வழி.

பிறகு என் இடது கைப்பக்கம் பார்த்தார். என் கார் ஆட்டோ. கியர் 'டி'-யில் இருந்தது.

"தம்பி, எல்-ல போடு."

இறக்கத்தில் வண்டியைப் பிடிக்கும் தாழ்ந்த கியர் அது. போட்டேன். எஞ்சின் ஒரு முறை உறுமி, வண்டியைப் பிடித்துக்கொண்டது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.